சுற்றுலா வரிசை

அந்தச் சின்ன ஊர் படகுக்குக் காத்திருப்பவர்களை வைத்தே பிழைக்கிறது. இரண்டு தெரு, மூன்று விடுதி, எல்லாவற்றிலும் கொள்ளை விலை. நேற்று மதியம் காற்று என்று சொல்லிப் படகை நிறுத்திவிட்டார்கள். நானும் அப்பாவும் மூட்டைப்பூச்சிகளுக்கு விருந்து வைத்துவிட்டு, காலை ஏழு மணிக்கே டிக்கெட் கூடத்துக்கு வந்து நின்றோம்.

தீவு மருத்துவமனையில் எனக்கு மருந்தாளுநர் வேலை. இன்று பகல் பன்னிரண்டுக்குள் சேர வேண்டும். தவறினால் வேலை, பட்டியலில் அடுத்த ஆளுக்கு என்று உத்தரவிலேயே அச்சடித்திருந்தார்கள். ஒன்பது மணிப் படகை விட்டால் அடுத்தது இரண்டு மணிக்கு. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பா முப்பது வருஷமாக மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்.

நான் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் அப்பா படிவத்தைக் கொடுத்து டோக்கன் வாங்கியிருந்தார். வாங்கிப் பார்த்தால் சுற்றுலா வரிசை. தீவுக்காரர்களும் வேலைக்குப் போகிறவர்களும் ஏறி, மிச்சம் இடமிருந்தால்தான் இந்த வரிசைக்கு. எங்களுக்கு முன்னால் நூறு பேராவது இருந்தார்கள்.

எழுதத் தெரியாததால் படிவத்தைப் பக்கத்தில் இருந்தவரை எழுதச் சொன்னாராம் அப்பா. எதற்குப் போகிறீர்கள் என்று அவர் கேட்டாராம்.

“காரியம் முடியறதுக்கு முன்னாடி ஊருக்கெல்லாம் தண்டோரா போடணுமா? சுத்திப் பார்க்கன்னு சொல்லிட்டேன்.”

கண் பட்டுவிடுமாம். சொந்தத் தம்பியிடம்கூட என் வேலையைப் பற்றி மூச்சு விடாத மனுஷன். அந்தக் கூடத்தில் எங்களை ஏறிட்டுப் பார்த்தவரே கிடையாது. யார் கண் படப்போகிறது?

உத்தரவைக் கவுண்டரில் நீட்டினேன். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த குமாஸ்தா அதைத் தொடவே இல்லை. வேலைக்குப் போகிறவர்கள் வரிசைக்கு மருத்துவமனை அட்டை வேண்டுமாம். சேர்ந்த பிறகுதானே அட்டை தருவார்கள் என்றேன். அவர் எங்கள் படிவத்தை எடுத்துத் திருப்பிக் காட்டினார்.

“சுற்றுலான்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. தீவு எங்கேயும் ஓடிடாதும்மா. நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும்.”

பின்னால் சிரித்தார்கள். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிரித்து முடித்துக் கும்பிட்டார். தப்பு என்மேல்தான், படிக்காதவன், பெரிய மனசு பண்ணுங்க என்று ஆரம்பித்தார். பள்ளிக்கூட வாசலில், ஹாஸ்டல் வாசலில், கல்லூரி ஆபீஸில் என்று நான் பார்த்துப் பார்த்துச் சலித்த அதே கும்பிடு.

“கையைக் கீழ போடுங்கப்பா.”

மொத்தக் கூடமும் திரும்பிப் பார்த்தது. இப்போது பட்டது கண்.

வெளியே சரக்குப் பக்கம் மாவு மூட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன. அப்பாவுக்கு அங்கேதான் வாய் திறக்கும். ஐந்தே நிமிஷத்தில் மேஸ்திரியைத் தம்பி ஆக்கிவிட்டார். இங்கே ஏற்றுகிற ஆளே அக்கரையில் இறக்கவும் வேண்டும் என்பதால், மூட்டையோடு ஏறுகிறவரிடம் டோக்கன் கேட்பதில்லையாம். இன்று ஓர் ஆள் குறைகிறது, நீ வா அண்ணே என்றார் மேஸ்திரி. அப்பா முகம் மலர்ந்துவிட்டது. அவர் போய் மருத்துவமனைப் பெரிய டாக்டர் காலில் விழுந்து எனக்கு ஒரு நாள் தவணை வாங்கி வருவாராம்.

“நான் ஏறுறேன்,” என்றேன்.

மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார். “இருபத்தஞ்சு கிலோ பாப்பா. புத்தகப் பை இல்ல.”

“தூக்கி விடுங்கண்ணே.”

அப்பா குறுக்கே வந்து நின்றார். “நீ தூக்கக் கூடாதுன்னுதானேடி நான் தூக்கினேன்.”

“நீங்க கால்ல விழுந்து வாங்குற வேலை எனக்கு வேணாம்ப்பா.”

அவர் நகர்ந்துகொண்டார். சான்றிதழ்ப் பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு முதுகைக் கொடுத்தேன். படகுக்குப் போட்டிருந்த பலகை ஆடியது, குனிந்தபடியே ஏறினேன். பன்னிரண்டு மூட்டை. ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் அப்பா சுவரைப் பார்த்தபடியே நின்றிருந்தார். சங்கு ஊதியபோதும் திரும்பவில்லை.

அக்கரையில் பன்னிரண்டையும் இறக்கிவிட்டு ஓடினேன். பதினொன்று ஐம்பது. விரல் மடங்கவில்லை, பேனா வழுக்கியது. கையெழுத்து சான்றிதழில் இருப்பதுபோல் இல்லையே என்றார் மருத்துவமனை எழுத்தர். மறுபடி போட்டேன். அதுவும் கோணல்.

“இதுதான் என் கையெழுத்து. நேரத்தைப் போட்டு எடுத்துக்குங்க.”

என் தலையிலிருந்த மாவைப் பார்த்துவிட்டு நேரத்தைக் குறித்துக்கொண்டார். வெளியே வந்து அப்பாவுக்குப் போன் அடித்தேன். அவர் எடுக்கவில்லை. எடுக்கிற வரைக்கும் அடிப்பேன்.