கற்பூரம் அணைத்த பிறகு

"பாஸ்கரு, உன் பொண்டாட்டி கையில கீற போனை வாங்கி வையி" என்றார் பூவராகவன், கொடுத்த காபியைத் தொடாமல். பழவேற்காடு ஏரிக்கரையில் அந்தக் குப்பத்துக்கு அவர்தான் தலைவர். "அப்பங்காரன் வாசல்ல நிக்கிறான். பொண்ணை அனுப்புங்க."

பாஸ்கர் மனைவி கல்பனாவைப் பார்த்தான்.

உள்ளே சமையலறையில் தேவதர்ஷினி தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பதிமூன்று வயது. கல்பனாவிடம் பள்ளியில் கபடி பழகுகிறவள். சாயங்கால ஆட்டத்தில் சட்டை கிழிந்தபோது, தோளில் பீடியால் சுட்ட மூன்று புண்களைக் கல்பனா பார்த்தாள். கையோடு வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டாள்.

போன மாதமும் அதே தோளில் ஒரு சூடு இருந்தது. பிள்ளைக்கு ஆபத்தென்று தெரிந்தால் உடனே புகார் சொல்ல வேண்டும் என்று பள்ளியில் கையெழுத்தே வாங்கியிருந்தார்கள். ஆனாலும் கல்பனா ஊர் வழக்கப்படி தலைவரிடம்தான் போனாள். ஊர் கூடியது. அப்பன் பச்சையப்பன் கோயில் வாசலில் கற்பூரம் அணைத்து, இனிமேல் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தான். எல்லோரும் நிம்மதியாக வீடு திரும்பினார்கள், கல்பனாவும்தான். அந்தப் பெண்ணை ஒரு வார்த்தை கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

"இன்னொரு தபா சத்தியம் வாங்கிக்கலாம்மா. ஊரை மீறிப் போலீசுக்குப் போனா இன்னா ஆவும்? வியாழக்கெழம உங்க பாடு. வலையெறக்க உடமாட்டாங்க" என்றார் பூவராகவன்.

பாடு என்பது ஏரியில் மீன்பிடிக்க ஊர் கொடுக்கும் முறை. அதுவும் போனால் பாஸ்கர் தொழிலுக்கு எங்கே போவான்?

"நம்ம பொயப்பப் பாரு, கல்பனா" என்றான் அவன், கெஞ்சலாக.

"இந்தப் பொண்ணு திரும்ப அந்த ஊட்டுக்குத்தானே போவணும்?" என்றாள். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழுத்தினாள். பெயர் சொன்னாள், ஊர் சொன்னாள், பார்த்ததைச் சொன்னாள்.

"முதல்ல எப்ப பாத்தீங்க மேடம்?" என்று உரக்கக் கேட்டது மறுமுனை.

பூவராகவன் பதறிப்போய்க் கையாட்டினார். "இன்னிக்கின்னு சொல்லும்மா! முன்னாடியே தெரியும்னா உன் மேலயும் கேஸு வரும்!"

ஆக, சட்டம் அவருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

"போன மாசமே பாத்துட்டேன்" என்றாள் கல்பனா போனில். "உங்களுக்குச் சொல்லல. ஊருக்குத்தான் சொன்னேன். அதையும் எழுதிக்குங்க."