மாசித்தூளுக்குள் வைத்த வேப்

வெளிநாட்டில் வேலை செய்பவர்களின் குடும்பச் சங்கத்துக்கு நான் செயலாளர். மனு எழுதுவது, கையெழுத்து வாங்குவது, ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவது எல்லாம் என் தலையில்தான். அன்று எம்.பி.யைப் பார்க்கப் போனது வேப் விஷயமாக. பற்றரியில் புகை விடுகிற அந்தக் கருவியைத்தான் சொல்கிறேன்.

விமானத்தில் அதைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். கீழே ஏற்றுகிற பெட்டியில் வைத்தால் தீப்பிடிக்கலாம். அதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் புதிதாக வரவிருந்த விதியில், பெட்டிக்குள் வேப் அகப்பட்டால் பெட்டிக்காரனுக்கு ஆறு மாதம் பயணத் தடை என்று இருந்தது. ஏற்கெனவே விசாரணையில் இருப்பவர்களுக்கும் அது பொருந்துமாம்.

அப்படி விசாரணையில் இருந்தவன் எங்கள் பக்கத்து வீட்டு றிப்ஷான். கட்டாரில் கிரேன் ஓட்டுகிறான். லீவு முடிந்து திரும்பும்போது, பெட்டிக்குள் வேப் இருந்ததென்று விமான நிலையத்தில் இறக்கிவிட்டார்கள். இருபத்தெட்டாம் தேதிக்குள் போய்ச் சேராவிட்டால் அவனுடைய விசா செத்துவிடும். வேலையும் போய்விடும்.

எங்கள் ஊர் காத்தான்குடியில் ஒருவன் வெளிநாடு போகிறான் என்றால் தெருவே பார்சல் கொண்டுவரும். தைத்துக் கொடுத்த பார்சலைப் பிரித்துப் பார்ப்பது மரியாதையில்லை. கவுண்டரில் “நீங்களே அடுக்கியதா” என்று கேட்டால் எல்லோரும் ஓம் என்றுதான் சொல்வார்கள். றிப்ஷானும் சொன்னான். அவனிடம் பதினொரு பார்சல் இருந்தது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிப் பிரித்ததில், மாசிக் கருவாட்டை இடித்த மாசித்தூளுக்குள் இருந்த வேப் எந்த வீட்டுடையது என்று அவனுக்கே தெரியவில்லை. மூன்று வீட்டார் மாசித்தூள் கொடுத்திருந்தார்கள்.

அது என்னுடையது. என் மூத்த மகனும் கட்டாரில்தான். சிகரெட்டை விடுவதற்காக வேப் பிடித்தவன், லீவில் வந்தபோது அதை அலுமாரியில் மறந்துவிட்டுப் போனான். அனுப்பச் சொன்னான். செயலாளர் வீட்டுப் பிள்ளை புகை விடுகிறான் என்று பேச்சு வருமே என்று தூளுக்குள் புதைத்து நானே தைத்தேன். தீப்பிடிக்கிற சாமான் என்று சத்தியமாக அப்போது தெரியாது. தெரிந்த பிறகும் பதினாறு நாள் வாயைத் திறக்கவில்லை. என் மனைவி அகீலாவுக்கு மட்டும்தான் தெரியும்.

கல்லடிப் பாலத்தைத் தாண்டி எம்.பி.யின் காரியாலயத்துக்குப் போனோம். நான், றிப்ஷான், சங்கத் தலைவர் யோகராசா அண்ணன். அவர் வாழைச்சேனைக்காரர். எம்.பி. அந்த விதியை ஆராய்கிற பாராளுமன்றக் குழுவில் இருந்தார். மனுவை இரண்டு முறை வாசித்தார்.

“வேப்புக்காகக் கதைக்க வந்திருக்கிறீங்க. கம்பெனிக்காரன் ஏதும் தந்தவனோ?” என்றார்.

“தந்திருந்தா பஸ்ஸில வருவமா, சேர்?” என்றார் யோகராசா அண்ணன். “வேப் நல்லம் எண்டு நாங்க சொல்லல்ல. சுமந்தவனத் தண்டிக்காதீங்க எண்டுதான் கேக்கிறம். பெட்டி ஏத்த முதல் தமிழில கேக்கச் சொல்லுங்க. இருந்தா வெளிய எடுக்க விடுங்க.”

“அது சரி. ஆனா எல்லாரும் ‘என்ட இல்ல’ எண்டு சொல்லித் தப்பிருவாங்களே. குழுவில முதல் கேள்வி அதுதான் வரும்.” எம்.பி. றிப்ஷானைப் பார்த்தார். “இது ஆர்ர வேப், தம்பி?”

“தெரியா சேர். தெரு முழுக்கக் கேட்டுட்டன். ஒருத்தரும் வாய் திறக்கிறாங்கல்ல.”

“அப்ப உன்டதுதான் எண்டு எழுதுவாங்க.”

றிப்ஷான் தலையைக் குனிந்துகொண்டான்.

“என்ட சேர்,” என்றேன். “மகனுக்கு அனுப்பினது. நான்தான் தைச்சு இவன்ட கையில குடுத்தன்.”

றிப்ஷான் மெல்ல என் பக்கம் திரும்பினான். மூத்தவர் என்று என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவான்.

“காக்கா, நேத்து எங்கட வீட்டுக்கு வந்து ‘கவலப்படாத மனே, அல்லாஹ் இரிக்கான்’ எண்டு தேத்தண்ணியும் குடிச்சிட்டுத்தானே போன நீங்க?”

“ஓம். மாப்புச் செய்துக்க.”

“ரெண்டு கப் குடிச்ச.”

யோகராசா அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா கோபமா தெரியவில்லை. எம்.பி. பேனையை என் பக்கம் தள்ளினார்.

“எழுதித் தாங்க. கேட்டா, குடுத்தவன் முன்னுக்கு வருவான் எண்டு காட்ட எனக்கு இது போதும்.”

எழுதினேன். நெஞ்சு இலேசாகிவிட்டது. பஸ்ஸில் திரும்பும்போது றிப்ஷான் என் பக்கத்தில் இருக்கவில்லை. பின் சீட்டில் போய் இருந்தான். அதுவும் நியாயம்தான்.

எட்டு நாளில் பதில் வந்தது. பெட்டி ஏற்றுமுன் மூன்று மொழியிலும் கேட்க வேண்டும். சொன்னால் எடுத்துக் கைப்பையில் வைக்கலாம். அடுத்தவர் பார்சலில் அகப்பட்டு, கொடுத்தவர் ஒப்புக்கொண்டால் தண்டம் கொடுத்தவருக்கு, சுமந்தவருக்குத் தடை இல்லை. விதியை அப்படித் திருத்தினார்கள். தண்டத்தை நான் கட்டினேன். தெருவில் நாலு நாள் பேசினார்கள், பிறகு விட்டார்கள். மகன் போனில், “வாப்பா, கைப்பைக்குள்ள வைக்கச் சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே,” என்றான். அகீலா போனைப் பறித்து அவனுக்கு நன்றாகக் கொடுத்தாள்.

இருபத்தைந்தாம் தேதி மதியம் லுஹர் தொழுதுவிட்டு வரும்போது றிப்ஷானின் குரல் மெசேஜ் வந்திருந்தது.

“கட்டாருக்குள்ள விட்டுட்டாங்க காக்கா. நாளைக்கு டியூட்டி.”

மூன்று முறை போட்டுக் கேட்டேன். சோறு தின்றுவிட்டுப் படுத்தவன், பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை எழும்பவில்லை.