லிஃப்ட் வைத்த பங்களா

கீழ்த்தளத்துக்கும் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. விளக்கும் அணைந்தது. உள்ளே இருந்த இரண்டு பெண்களும் இருட்டில் கைப்பிடியைத் தேடினார்கள். ஞானசுந்தரியின் கைக்கு அகப்பட்டவை ஹேமலதாவின் விரல்கள். சில்லிட்டிருந்தன.

"பயப்படாதீங்க மேடம்! லிஃப்ட்டுக்கு உங்கள உட மனசு வரலீங்க!" கீழே ஹாலிலிருந்து, ஒண்டிக்கடைப் பக்கம் வீடு விற்றுக் கொடுக்கும் புரோக்கர் பிரகாஷ் கத்தினான்.

"அவரத் தனியா உட்டுறாதீங்க!" என்றாள் ஹேமலதா. நடக்க முடியாத கணவரைச் சக்கர நாற்காலியில் ஹாலில் விட்டுவிட்டு மாடியைப் பார்க்கக் கிளம்பியிருந்தாள். ஏற்காட்டில் எத்தனையோ பங்களாக்கள் விலைக்கு இருந்தும், சேலத்திலிருந்து இதைத் தேடி வந்ததே லிஃப்ட்டுக்காகத்தான். மாடி ஜன்னலோரம் உட்கார்ந்து மலையைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

ஞானசுந்தரிக்கும் ஓர் ஆசை இருந்தது. இந்த வீடு விற்றுப்போக வேண்டும். பளிங்குத் தரையும் தொங்கு விளக்குகளுமாகப் பூட்டிக் கிடக்கும் மாளிகைக்கு அவள்தான் காவல். வெளிநாடு போகும்போது முதலாளி, "விக்கிற வரைக்கும் நீ இரு ஞானம், வேற யாரையும் நம்ப முடியாது" என்றார். தலையாட்டினாள். எப்படி மறுப்பது? அவள் புருஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த அன்று, டிரைவருக்குக் காத்திராமல் தானே காரை எடுத்து மலையிறக்கிய மனுஷன். ஆஸ்பத்திரி வாசலில் தோளில் சாத்தித் தூக்கிப் போனார். உயிர் நிற்கவில்லை, நன்றி நின்றுவிட்டது. இரும்புப் பூட்டென்றால் உடைக்கலாம், அன்பு போட்ட பூட்டை எதைக் கொண்டு உடைப்பது? இப்போது மலையடிவாரக் குப்பனூரில் மகள் ஃபெபி தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள், தாய்தான் அங்கே இல்லை.

"நல்லத மட்டும் சொல்லுங்க ஞானம்மா," என்று பிரகாஷ் காலையிலேயே சொல்லியிருந்தான். "இவங்களுக்குப் புடிச்சிருச்சுன்னா சீக்கிரமே நீங்களும் கீழ எறங்கிரலாம்."

ஹேமலதாவுக்கு மூச்சு வாங்கியது. ஞானசுந்தரி அவளைத் தரையில் உட்கார வைத்து முந்தானையால் விசிறினாள். பேச்சு கொடுத்தால் பயம் தெளியும் என்று குப்பனூரில் இருக்கும் ஃபெபியைப் பற்றிச் சொன்னாள். மாங்காய்க்கு அழுததை, கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையாததை. இருட்டில் ஹேமலதா லேசாகச் சிரித்தாள். பிறகு கேட்டாள்:

"ஏனுங்க அக்கா, இது அடிக்கடி இப்பிடி நிக்குமா?"

"இன்னிக்குத்தான் மொத தடவ மேடம்!" கீழேயிருந்து பிரகாஷ் முந்திக்கொண்டான்.

அவன் சொன்னதற்கு ஆமாங்க என்று ஒரு சொல் போதும். ஞானசுந்தரி கண்ணை மூடினாள். ஃபெபியின் வீங்கிய கால்கள் தெரிந்தன. கூடவே, கீழே நாற்காலியில் மாடிக்குக் காத்திருக்கிற மனிதரும். கர்த்தாவே, இதை ஏன் என்னிடம் கேட்க வைக்கிறீர்?

"மழ நாள்ல நிக்குமுங்க," என்றாள். "மரம் உளுந்துச்சுன்னா கரண்ட் வர ரெண்டு நாளும் ஆகும். ஜெனரேட்டரு பாதி நேரம் எடுக்காதுங்க. ஊடு நொம்ப நல்ல ஊடு. ஆனா ஐயா இதுக்குள்ள தனியா மாட்டிக்கிட்டாருன்னா..."

வெகுநேரம் கழித்து மின்சாரம் வந்தது. ஹேமலதா மாடியைப் பார்க்காமலே கணவரின் நாற்காலியைக் காருக்குத் தள்ளிப் போனாள்.

"உங்க கதவ நீங்களே சாத்திக்கிட்டீங்க," போர்ட்டிகோவில் பிரகாஷ் பல்லைக் கடித்தான். "இங்கயே கெடங்க."

"கெடக்கறேன் கண்ணு," என்றாள். கோபப்படவும் அவளுக்குத் தெம்பில்லை.

கார் கிளம்பி, பிறகு நின்றது. ஹேமலதா கண்ணாடியை இறக்கினாள். "குப்பனூர் வழியாத்தான் எறங்கறோம். ஃபெபிக்கு ஏதாச்சும் குடுத்து உடறீங்களா அக்கா?"

ஞானசுந்தரி பின்கட்டு அறைக்கு ஓடினாள். தன் பழைய நூல் சேலைகளைக் குழந்தைக்கென்று கிழித்து, வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைத்துக் கட்டியிருந்த மூட்டையை எடுத்து வந்தாள். ஹேமலதாவின் கணவர் அன்று முதன்முறையாக வாய் திறந்தார்.

"எம்மடியில வைங்கம்மா. ஈரம் படாது."

கார் போனதும் கேட்டை உள்பக்கமாகப் பூட்டினாள். கம்பிகளுக்கு வெளியே மூடுபனி. முதல் வளைவில் காரின் சிவப்பு விளக்கு நின்று, ஏறி வந்த பஸ்ஸுக்கு வழிவிட்டு, தூங்குகிற பிள்ளையைச் சுமந்து போவதுபோல் மெல்ல, மெல்ல இறங்கியது.