எதிர்ப்பக்கக் காவல்

1

இந்தக் கதை எனக்கு எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 1999 ஜூன் மாதம், கோரமண்டல் ஸ்டேஷன் வாசலில், அணுகுண்டு போடச் சொல்லும் ஒரு மகஜரில் நான் கையெழுத்துப் போட்டேன். வரிசையில் நாற்பத்து மூன்றாவது ஆள். அப்போது என் பல்லிடுக்கில் மசால்வடைத் துணுக்கு ஒன்று மாட்டியிருந்தது. கவனம் பெரும்பாலும் அதில் இருந்தது. மிச்சமிருந்ததை அணுகுண்டுக்குக் கொடுத்தேன்.

இப்போது 2001. எங்கள் தங்கச் சுரங்கத்தையும் மூடிவிட்டார்கள். எனக்கு எழுபத்து நாலு வயது, பெயர் தாமோதரன். நாற்பது வருஷம் கேஜுக்கு, அதாவது சுரங்கத்தின் லிஃப்ட் கூண்டுக்கு, மணி அடித்தவன். நான் மணி அடித்தால்தான் ஆட்கள் பூமிக்குள் இறங்குவார்கள், ஏறுவார்கள். ஊரில் என்னைப் பொய்யன் என்பார்கள். அது உண்மை. ஆகவே வாசகரோடு ஓர் ஏற்பாடு: பொய் சொல்லும் இடத்தில் நட்சத்திரம் போடுகிறேன்.

உதாரணம். எங்கள் சுரங்கத்தின் கடைசி லெவலில் அவித்த முட்டை கொண்டுபோக வேண்டாம், பச்சை முட்டை போதும். அவ்வளவு சூடு. மரியகுழந்தை என்பவன் ஒரு நாள் முட்டையைச் சாப்பிட மறந்துவிட்டான். ஷிப்ட் முடிந்து கோழிக்குஞ்சோடு கேஜில் ஏறி வந்தான். குஞ்சுக்கு டோக்கன் இல்லை என்று அவனுக்கு மெமோ கொடுத்தார்கள்.*

* நட்சத்திரம் இப்படி வரும். இதில் மெமோ மட்டும் உண்மை. காரணம் வேறு.

2

முதல் வரிக்கு மூன்று முயற்சி செய்தேன்.

"கார்கில் சிகரங்களில் பனி படர்ந்த அந்த" — விட்டுவிட்டேன். நான் பார்த்த பனி எல்லாம் ஐஸ் வண்டிக்குள் இருந்தது.

"அணு என்பது கண்ணுக்குத் தெரியாத" — இது பள்ளிக்கூடப் புத்தகம். பரீட்சை வந்துவிடும்.

"ஏனோக் அன்று காலை சர்ச்சுக்குப் போகும் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். அன்று வியாழக்கிழமை."

இது இருக்கட்டும். இதில் ஒரு மனிதர் நடக்கிறார்.

3

ஏனோக் எங்கள் லைனில், அதாவது சுரங்கக் குடியிருப்பு வரிசையில், நாலு வீடு தள்ளி இருப்பவர். சுரங்கத்தில் வெடி வைத்தவர். பாறையில் துளை போட்டு, வெடிமருந்துத் தோட்டாவைச் செருகி, திரியைப் பற்றவைக்கும் வேலை. முப்பத்தொரு வருஷம். அவருக்கும் மனைவி ஜூடித்துக்கும் ஒரே மகன், சிரில். பட்டாளத்தில் இருந்தான். அந்த வாரம் திங்கட்கிழமை எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் பண்ணினான். "மேல அவனுங்க, கீழ நாங்க. அடுத்த வாரம் எங்க முறை. ஏறணும்." அவ்வளவுதான் பேசினான். அதற்குப் பிறகு ஜூடித் அடுப்புப் பற்றவைக்கவில்லை. ஏனோக் பற்றவைத்தார்.

மகஜர் எழுதியவர் பெருமாள், தொழிற்சாலையில் ஃபோர்மன். அழகான கையெழுத்து. "போர் நீள்வதால் நம் வீரர்கள் நாள்தோறும் மடிகின்றனர். எனவே ஒரே ஓர் அணுகுண்டை வீசிப் போரை உடனே முடிக்குமாறு மத்திய அரசைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்." தாழ்மையுடன் என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்தது.

சலூனிலிருந்து இரவல் வாங்கிய மேஜை. காலை ரயிலில் பெங்களூர் வேலைக்குப் போகிறவர்கள் ஓடிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள். ஒருவன் பெயரை மேஜையில் எழுதிவிட்டு விலாசத்தை ரயிலிலிருந்து கத்தினான். முதல் வரியை மட்டும் பெருமாள் காலியாக விட்டிருந்தார். அதன் கீழே "போர்வீரரின் தந்தை" என்று முன்பே எழுதிவைத்திருந்தார்.

(இங்கே ஏனோக்குக்கு ஒரு பழைய காயம் வைக்க நினைத்தேன். "இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், அவசரத்தில் அவர் பற்றவைத்த வெடியில் ஒருவன்" — இல்லை. முப்பத்தொரு வருஷத்தில் அவர் வெடியால் ஒருவனுக்கும் கீறல் கிடையாது. கதை எழுதுகிறவனுக்கு இதைவிட மோசமான ஆள் கிடைக்கமாட்டான்.)

4

"வாங்க ஏனோக்கண்ணே. மொத லைன் உங்களுக்குத்தான் காலியா வெச்சிகிறேன்."

ஏனோக் பேனாவை வாங்கினார். மகஜரை இரண்டு முறை படித்தார். திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறும் வெள்ளை.

"சீட்டு எங்கப்பா?"

"இன்னா சீட்டு?"

"வெடிச் சீட்டு. அது இல்லாம வெடிக்கு நான் கையெழுத்துப் போட்டதே இல்ல."

பெருமாள் என்னைப் பார்த்தார். நான் வடையைப் பார்த்தேன்.

சுரங்கத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு வெடிக்கும் ஒரு சீட்டு உண்டு. எந்த இடம், எத்தனை தோட்டா, இந்தப் பக்கம் வழியை மறித்துக் காவல் நிற்பவன் யார், எதிர்ப்பக்கம் நிற்பவன் யார். எல்லாம் நிரப்பிய பிறகுதான் வெடி வைப்பவர் கையெழுத்து. அப்போதும் திரியைத் தொடக்கூடாது. "ஃபயர்" என்று மூன்று தடவை கத்தவேண்டும். எதிர்ப்பக்கத்துக் காவல்காரன் "கிளியர்" என்று, அதாவது இங்கே ஆள் யாரும் இல்லை என்று, பதில் கொடுக்கவேண்டும். பதில் வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்கவேண்டும். மேனேஜர் வந்து குதித்தாலும் அதுதான் சட்டம்.

ஏனோக் மகஜரின் முதுகில் சீட்டுப் போல் கோடு கிழித்தார்.

"எங்கப்பா போடப்போறீங்க? மலையிலயா?"

"மலையில போட்டா நம்ம ஆளும் போயிடுவானே. ஊர்ல போடணும். பெரிய ஊரா பாத்து."

"சண்டை மலையில. வெடி ஊர்ல."

"ஆமாண்ணே. அப்பதானே பயந்துகினு நிறுத்துவான்."

ஏனோக் எழுதினார். இடம்: சண்டை நடக்காத ஊர். தோட்டா: ஒன்று. இப்பக்கக் காவல் —

"பட்டாளம்னு எழுதுங்கண்ணே."

"ஆள் பேரு எழுதணும்பா."

முப்பத்தொரு வருஷப் பழக்கம். யோசிக்காமல் கை எழுதிவிட்டது. எழுதிய பிறகுதான் அவர் படித்தார்: சிரில்.

அடிக்கவில்லை. அப்புறம் அடுத்த வரிக்குப் போனார். எதிர்ப்பக்கக் காவல். பேனா நின்றது.

"யாருனா ஒருத்தர் பேரு சொல்லுங்கப்பா. அந்தப் பக்கத்து ஆளு."

நான் உதவிக்கு வந்தேன். அந்த நாட்டுப் பந்துவீச்சாளர் ஒருவரின் பெயரைச் சொன்னேன்.

"அவன் இங்கிலாந்துல வேர்ல்டு கப் ஆடினு கீறான் தாமுண்ணே," என்றார் பெருமாள்.

ஆக, காவலுக்கு நிற்காத மந்திரி, தளபதிகளை விட்டால், அந்த நாட்டில் எங்களுக்குப் பெயர் தெரிந்த பதினோரு பேரும் அன்றைக்கு வெளியூரில் பத்திரமாக இருந்தார்கள். மிச்சமிருந்த கோடிக்கணக்கான பேரில் ஒருவர் பெயர்கூட எங்களுக்குத் தெரியவில்லை. வரிசையில் கேட்டோம். ஒருவருக்கும் தெரியவில்லை.

5

பெருமாளை முட்டாளாகக் காட்டினால் கதை சுலபமாகிவிடும். அவர் முட்டாள் இல்லை.

"அண்ணே, ஜப்பான்ல ரெண்டு போட்டாங்க. சண்டை நின்னுச்சா, இல்லையா? போடலன்னா இன்னும் ரெண்டு லட்சம் பேரு செத்திருப்பான்."

டீ வந்தது. டீ குடித்த பிறகு அது ஐந்து லட்சமானது. கிளாஸைக் கீழே வைக்கும்போது பத்து லட்சம். அவர் காப்பாற்றிய உயிர்கள் ஏறிக்கொண்டே போயின. எனக்குப் பொய்யில் அனுபவம் உண்டு. பேசப் பேச வளரும் எண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும். செத்தவர்களைப் புதைக்கும்போது எண்ணலாம். சாகாமல் தப்பித்திருக்கக்கூடியவர்களை யார் எண்ணுவது? வாய்க்கு வந்தபடி எண்ணலாம்.

ஆனால் சண்டை நின்றதே. அது பொய் இல்லை. அதுதான் தொந்தரவு.

அந்த ஆகஸ்டு மாதம் எனக்குப் பதினெட்டு வயது. கேஜில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். வெள்ளைக்காரக் கம்பெனியில் சைரனை விட்டு விட்டு ஊதினார்கள். யுத்தம் முடிந்தது, எல்லோருக்கும் அரை நாள் லீவு. ஜப்பானில் இரண்டு ஊர்கள் இல்லாமல் போனதை யாரோ சொன்னார்கள். நான் மாரிகுப்பத்துப் பக்கம் ஒரு மரத்தடியில் போய்ப் படுத்துத் தூங்கினேன். அவ்வளவு நல்ல தூக்கம் பிறகு வந்ததே இல்லை.

இதற்கு நட்சத்திரம் இல்லை.

6

ஜூடித் வந்தாள். ஒரு காலில் ஒரு செருப்பு, மறுகாலில் வேறு ஜோடியின் செருப்பு.

"போட்டாச்சா?"

"இன்னும் இல்லமே. ஒரு பேரு கெடைக்கல."

அவள் தாளை வாங்கி இரண்டு பக்கமும் படித்தாள். மகன் பெயர் வந்த இடத்தில் விரலை வைத்தாள், எடுத்தாள்.

"இன்னாய்யா இது, சுரங்கமா? அங்க எதிர்ப்பக்கம் நிக்கிறவன் நம்ம ஆளு. இவனுங்க யாரு?"

"பாதி நாளு யாரு நின்னாங்கன்னே எனக்குத் தெரியாது. மூஞ்சி பாத்ததில்ல. இருட்டுல சீட்டுல ஒரு பேரு, அப்புறம் ஒரு குரலு. அது வந்தா பத்தவெப்பேன்."

"இங்க குரலு வராது."

"அதான் நானும் சொல்றேன்."

"நீ சொல்றது எனக்குப் புரியாம இல்ல." ஜூடித் குரலை உயர்த்தவில்லை. "அந்த ஊர்ல என்னை மாதிரி ஒரு பொம்பள இருப்பா. சோறு ஆக்கினு இருப்பா. அவளுக்கும் மலையில ஒரு புள்ள இருக்கும். இல்லாமக்கூட இருக்கும். எல்லாம் தெரிஞ்சிதான் சொல்றேன். என் புள்ள வரணும். ஒரு ஊரு போனாத்தான் வருவான்னா, போவட்டும். அந்தப் பாவம் எனக்கு."

"பாவம் உனக்கு. வெடி அவங்களுக்கு."

"முப்பத்தொரு வருஷம் ஒருத்தனுக்கும் அடிபடல. அந்த கெத்துல பேசற நீ."

"கெத்து இல்லமே. அவன் அங்க காவலுக்கு நிக்கிறான். பதில் வராத வெடியை அவன் முதுகுக்குப் பின்னால நான் பத்தவெச்சேன்னா, நாளைக்கி வந்து கேப்பான். கிளியர் வந்திச்சாப்பான்னு."

"கேக்கட்டும்," என்றாள் ஜூடித். "கேக்கறதுக்காவது வரட்டும்."

ஏனோக் பேனாவை மூடி மேஜை மேல் வைத்தார். ஜூடித் அதை எடுத்தாள். தாளை முன்பக்கம் திருப்பினாள். "போர்வீரரின் தந்தை" என்பதில் தந்தையை அடித்தாள், தாய் என்று எழுதினாள், கையெழுத்துப் போட்டாள். ஏனோக் தடுக்கவில்லை. தானும் போடவில்லை. இருவரும் ஒன்றாகத்தான் வீட்டுக்கு நடந்தார்கள். வழியில் ஒரு செருப்பு வார் அறுந்ததும், அவர் குனிந்து அதை எடுத்துக்கொண்டார்.

7

இந்த இடத்தை மாற்றி எழுத மூன்று தடவை முயன்றேன்.

(அ) ஜூடித் பேனாவைக் கீழே போட்டு, கணவனின் தோளில் சாய்ந்து — சாயவில்லை. அவள் அழுத்தின அழுத்தில் தாள் கிழிந்தது. நான் பார்த்தேன்.

(ஆ) மனைவியின் கண்ணீரைக் கண்ட ஏனோக் மனம் மாறி — அவரைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

(இ) பெருமாள் வெட்கப்பட்டு மகஜரைக் கிழித்தெறிய — அவர் அன்றைக்கே ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினார். பின்பக்கத்துச் சீட்டோடு சேர்த்து. டெல்லியில் அதைப் படித்த பெரிய அதிகாரி ஒருவர் மூன்று நாள் சாப்பிடாமல் எதிர்ப்பக்கக் காவலுக்குப் பெயர் தேடினாராம்.*

* ஆசை.

ஜூடித் என் சொல் கேட்கமாட்டேன் என்கிறாள். கேட்காதது நல்லதுதான். நான் ஏனோக் பக்கம். இதை மறைக்க எனக்கு உத்தேசம் இல்லை. பதில் குரல் வராத வெடியை எவ்வளவு நல்ல காரணத்துக்கும் பற்றவைக்கக்கூடாது. என் கையெழுத்தை யாராவது காட்டினால், அது நான்தான், தப்பாகப் போட்டேன் என்பேன். ஆனாலும் மகஜரில் இருந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரில், எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரிந்து போட்டவள் ஜூடித் ஒருத்திதான். மற்ற நாங்கள் ரயிலுக்குப் போகிற வழியில் ஒரு ஊரை அழிக்கச் சம்மதித்தோம். அவளை மன்னிக்கிற தகுதி எங்களில் ஒருவருக்கும் கிடையாது.

8

குண்டு போடவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஜூலையில் சண்டை நின்றதும் தெரியும். சிரில் என்ன ஆனான் என்று கேட்பீர்கள்.

இரண்டு பத்தி எழுதினேன். ஒன்றில் அவன் பங்காருபேட்டையில் வண்டி மாறி, இரும்புப் பெட்டியோடு கோரமண்டலில் இறங்குகிறான். இன்னொன்றில் பட்டாள லாரி ஒன்று எங்கள் லைனுக்குள் திரும்ப முடியாமல் முனையிலேயே நிற்கிறது. இரண்டில் ஒன்று நடந்தது. இரண்டையும் அடித்துவிட்டேன்.

ஏன் என்றால், அவன் வந்தான் என்று சொன்னால் ஏனோக் செய்தது சரி என்பீர்கள். வரவில்லை என்று சொன்னால் ஜூடித் சொன்னது சரி என்பீர்கள். அப்புறம் அந்தப் பெயர் தெரியாத ஊரை மறந்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப்போவீர்கள். எனக்கு அந்தத் தூக்கம் தெரியும். அதை உங்களுக்குக் கொடுக்கமாட்டேன். என் பிள்ளைகள் கேட்டார்கள், சொல்லவில்லை. இதை அச்சடிக்கிறவர் கேட்டார், சொல்லவில்லை. நீங்களும் வற்புறுத்த வேண்டாம்.

அந்த வியாழக்கிழமை காலை எட்டு இருபதுக்கு அவர்கள் இருவருக்கும் அது தெரியாது. தெரியாமலேதான் ஒருத்தி போட்டாள், ஒருவர் போடவில்லை. மேஜை அங்கேயே இருக்கிறது. பேனா மூடி திறந்திருக்கிறது. அடுத்து நீங்கள். கொஞ்சம் சீக்கிரம், உங்களுக்குப் பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள், அவர்களுக்கு ரயிலுக்கு நேரமாகிறது.