கயிற்றுக்காரி பேசாத வசனம்

வாரப் பத்திரிகை ஒன்றில் புத்தக விமர்சனம் எழுதும் அவளுக்கு அலுவலகத்தில் ‘கத்தரி’ என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேராக யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனாலும் அவள் காதுக்கு எட்டாமல் போகுமா? நல்ல புத்தகம் கிடைத்தால் மனசு நிறையப் பாராட்டுகிறவள்தான். அதை ஒருவரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை என்பது அவளுடைய நெடுநாள் குறை.

ஆசிரியர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அறை என்பது பேருக்குத்தான். டயர் கடைக்கு மேல் மாடியில், அட்டைத் தடுப்பு வைத்து ஒதுக்கிய ஒரு மூலை. எந்நேரமும் ரப்பர் வாடை அடிக்கும்.

“‘நீரடி நகரம்’ கடைசிப் பாகம் வரப்போகுது. அதுக்கு முன்னாடி மொத்தத் தொடரைப் பத்தியும் பெரிசா ஒரு கட்டுரை வேணும். என் பொண்ணு சாப்பிடும்போதுகூட அந்த ஜப்பான் படக்கதையை, அதான் மங்காவை, கீழ வைக்க மாட்டேங்கறா.”

“வேற யாருக்காவது குடுங்க சார். அதை மொழிபெயர்க்கிறது என் நாத்தனார்.”

“தெரியும். அதான் உங்களைக் கூப்பிட்டேன். வீட்டுப் பொண்ணு செஞ்ச வேலைன்னா கொஞ்சம் பதமா எழுதுவீங்க.”

மறுத்துவிட்டு எழுந்து போகத்தான் இருந்தாள். அந்தக் கடைசிப் பேச்சு அவளைச் சீண்டிவிட்டது. “சரி, எழுதறேன். யார் எனக்கு என்ன உறவுன்னு முதல் வரியிலேயே சொல்லிடுவேன். பதத்துக்கு நான் பொறுப்பில்ல” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

நாத்தனாருக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. ஜப்பானிய மொழியைப் படித்துத் தேறி, அதில் பாடமும் எடுத்து, இந்தத் தொடரால் பேரும் வாங்கியவள். ஆனால் வீட்டில் அவள் இன்னும் ‘குட்டி’தான். இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள். விடுமுறை நாளில் அண்ணன் வீட்டுக்கு வந்தால் முதலில் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்ப்பாள், பிறகுதான் மனிதர்களை.

விஷயத்தைக் கேட்டதும் பெட்டியின் கதவை மூடினாள்.

“ஏழு பாகம் படிச்சிட்டுத் தூக்கி வச்சவங்க நீங்க. மீதியைப் படிக்காம எப்படி அண்ணி எழுதுவீங்க?”

“படிக்காம எழுதுவேன்னு யார் சொன்னா?”

“திட்டணும்னே படிப்பீங்க.”

“முழுசா படிக்கறேன் குட்டி. அப்புறம் தோணுறதை எழுதறேன்.”

கத்தரியின் கணவன் நடுவில் புகுந்தான். “நானும் ஒரு நாள் எடுத்துப் பார்த்தேன். பின்பக்கத்துலேருந்து படிக்கணும்னு தெரியாம முன்னாலேருந்து படிச்சேன். செத்தவன் எல்லாம் எழுந்து வந்தான். அப்புறம் சரியான பக்கத்துலேருந்து படிச்சேன். அப்பவும் எழுந்து வந்தான்.”

குட்டி சிரிக்கவில்லை. கத்தரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

படிக்கத் தொடங்கினாள். வேலைக்குப் போகும் பேருந்தில், பல் மருத்துவரின் வரவேற்பறையில், துணி உலரும் மொட்டை மாடியில், எங்கு போனாலும் பையில் ஒரு பாகம் இருந்தது. நியாயமாகப் படிக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள். முதல் ஏழு பாகங்களையும் மறுபடி படித்தாள்.

அவை நன்றாகத்தான் இருந்தன. கடலில் முழுகிப்போன ஒரு நகரம். அதற்குள் இறங்கி, மக்கள் விட்டுவிட்டுப் போன பொருட்களை எடுத்து வரும் ஒரு கூட்டம். மீன்குஞ்சு என்று கூப்பிடப்படும் இளைஞன் அளவு மீறிய ஆழத்துக்குப் போய் ஒரு காதை இழக்கிறான். அதற்குப் பிறகு யார் பேசினாலும் தலையைச் சாய்த்துத்தான் கேட்கிறான். கரையில் நின்று அவன் கயிற்றைப் பிடிப்பவள் கயிற்றுக்காரி. எப்போது இறக்குவது, எப்போது இழுப்பது என்பதெல்லாம் அவள் சொல்வதுதான். அவள் ஒரு முறை தவறாகக் கணித்து ஒருவன் இறந்துபோனான். அந்தச் சாவு கதையில் கனத்தது.

எட்டாம் பாகத்தில் கதை சறுக்கத் தொடங்கியது. நகரத்துக்கு அடியில் ஒரு பூதம். அதை வீழ்த்தினால் அதைவிடப் பெரிய பூதம். மீன்குஞ்சு கோபத்தில் ஒரு கத்துக் கத்தினான், போன காது திரும்பி வந்துவிட்டது. செத்துப்போனவன் சிரித்துக்கொண்டே படகில் ஏறினான். ஒரே சண்டை இரண்டு பாகம் நீண்டது. ஓவியத்தில் கண்ணெதிரே நடப்பதையே பக்கத்தில் நிற்பவர்கள் வாயால் விளக்கினார்கள். ஒவ்வொரு எதிரிக்கும் சாகிற நேரத்தில் மட்டும் ஒரு சோகமான குழந்தைப் பருவம் முளைத்தது. கயிற்றுக்காரியைக் கரையில் நிறுத்திக் கண்கலங்க வைத்தார்கள். யாருக்கும் எதுவும் போகாது என்று தெரிந்த பிறகு, எவன் எத்தனை ஆழம் இறங்கினால் என்ன? கத்தரிக்குப் பயமும் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை.

ஆனால் ஒன்று அவளை உட்கார வைத்தது. கயிற்றுக்காரி ஓரமாய் நின்றாலும் அவள் பேச்சு மட்டும் கூர் மழுங்காமல் இருந்தது. பதின்மூன்றாம் பாகத்தில், ஆழத்துக்கு இறங்கப் போகும் மீன்குஞ்சிடம் அவள் சொல்வாள்: “நீ திரும்பி வந்தா நான் ஜெயிச்சேன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. வரலேன்னா நான் கயித்தை விட்டுட்டேன்னு எல்லாரும் சொல்லுவாங்க.” கத்தரி அந்த வரியைப் பேருந்தில் படித்துவிட்டு, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டாள்.

கட்டுரை எழுதினாள். எதையும் பூசி மெழுகவில்லை. கடைசியில், இந்தத் தொடரைக் காப்பாற்றுவது கயிற்றுக்காரியின் நாக்கு ஒன்றுதான், கதாசிரியர் அவளை முழுசாக மறந்துவிடவில்லை என்பதற்கு அதுவே சாட்சி என்று ஒரு பத்தி சேர்த்தாள். அச்சுக்குப் போகும் முன் குட்டியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அனுமதிக்காக இல்லை. அவள் பத்திரிகையைக் கடையில் வாங்கித் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக.

குட்டி சமையலறை மேடையில் சாய்ந்து நின்று படித்தாள். திட்டு வந்த இடங்களில் உதட்டைப் பிதுக்கினாள். கடைசிப் பத்திக்கு வந்ததும் அவள் முகத்தில் ஈயாடவில்லை.

“இதை எடுத்துடுங்க அண்ணி.”

“திட்டினதையா?”

“இல்ல. பாராட்டினதை.”

கத்தரிக்குப் புரியவில்லை. குட்டி தாளை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“அந்த வசனம் மூலத்துல இல்ல. அங்க அவ ‘கவனமா போயிட்டு வா’ன்னு மட்டும்தான் சொல்லுவா. எனக்குத் தாங்கல. முதல் ஏழு பாகத்துல அப்படி இருந்தவ, திடீர்னு வாயில்லாப் பூச்சியா நின்னா. ஒரு இடத்துல ஒரு வார்த்தை சேர்த்தேன். யாரும் கேக்கல. அப்புறம் ஒரு வரி. அப்புறம் அவ பேசினது எல்லாமே நான் எழுதினதுதான்.”

“எத்தனை பாகத்துல?”

“பத்தாவதுலேருந்து.”

கத்தரி அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ஏமாந்தது யார் என்று அவளுக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. தான் ரசித்தது ஒரு பெரிய கதாசிரியரை இல்லை, குளிர்சாதனப் பெட்டியைக் குடையும் தன் நாத்தனாரை. அதில் பெருமைப்பட ஏதோ இருந்தது. அதைவிட அதிகமாகக் கோபப்பட இருந்தது.

“உனக்கும் பிடிக்கலைன்னு சொல்றே.”

“பிடிக்கல அண்ணி. எட்டாவதுலேயே எனக்கு விட்டுப்போச்சு. நீங்க தூக்கி வச்சிட்டீங்க. எனக்கு அது வேலை. தூக்கி வைக்க முடியுமா?”

கத்தரி பேனாவை எடுத்தாள். கடைசிப் பத்தியின் மேல் குறுக்காகக் கோடு போட்டாள்.

“பாராட்டை எடுத்துடறேன். பொய்னு தெரிஞ்சப்புறம் அது இருக்கக் கூடாது. நீ செஞ்சதை நான் எழுத மாட்டேன். அது நீ சொல்ல வேண்டியது. சொல்லலேன்னா என்ன பண்ணுவேன்னு இப்ப என்னைக் கேக்காதே.”

“பயமுறுத்துறீங்களா?”

“இல்ல. எனக்கே தெரியல.”

கட்டுரை வெளிவந்தது. ஆசிரியர் தலையில் கை வைத்தார். வாசகர்கள் தொலைபேசியில் பொரிந்து தள்ளினார்கள். ஒருவர் அவளுக்குக் கண் பரிசோதனை செய்துகொள்ளும்படி அக்கறையாகச் சொன்னார். ஆசிரியரின் மகள் அவளைப் பார்த்தும் பார்க்காதவள்போல் படியிறங்கிப் போனாள். விளக்கமாக இன்னொரு கட்டுரை எழுதித் தணித்துவிடலாமே என்று ஆசிரியர் நயமாகக் கேட்டார். “எழுதினதுல தப்பு இருந்தா சொல்லுங்க, திருத்தறேன். கோபம் இருக்குங்கறதுக்காகத் திருத்த முடியாது” என்றாள்.

அந்த வாரமே குட்டி பதிப்பாளரைப் பார்க்கப் போனாள். தனியாகவே போனாள், அண்ணனையும் கூட்டிக்கொள்ளவில்லை. பதிப்பாளர் அம்மாள் முழுசாகக் கேட்டுவிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார். விற்கிற புத்தகம், வாசகருக்குப் பிடித்த வசனம், இதை ஏன் கிளற வேண்டும் என்பது அவர் கட்சி. குட்டி மசியவில்லை. கடைசிப் பாகத்தை உள்ளது உள்ளபடிதான் கொடுப்பேன், பழைய பாகங்களின் அடுத்த பதிப்பையும் திருத்தித் தருவேன், இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டாள். அவ்வளவு பாகத்துக்குப் பிறகு வேறு ஆளை எங்கே தேடுவது? அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டே சம்மதித்தார்.

கடைசிப் பாகம் வந்தபோது புத்தகக் கடையின் மேல்தளத்தில் வாசகர் கூட்டம் நடந்தது. கத்தரி பின்வரிசையில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கேள்வி நேரத்தில் செவிலிச் சீருடையில் இருந்த ஒரு பெண் எழுந்தாள். கோபமாக இல்லை, வருத்தமாகத்தான் கேட்டாள்.

“கயிற்றுக்காரிக்கு என்ன ஆச்சு? இந்தப் பாகத்துல அவ அவளாவே இல்லையே.”

குட்டி ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “இதுதாங்க அவ. பத்தாவது பாகத்துலேருந்து நீங்க கேட்டது என் பேச்சு. நான் செஞ்சிருக்கக் கூடாது” என்றாள்.

கூட்டம் சலசலத்தது. சிலர் புத்தகத்தை நாற்காலியிலேயே வைத்துவிட்டு எழுந்து போனார்கள். ஒருவர், “அப்ப எங்களை இத்தனை நாளா ஏமாத்தினீங்களா?” என்று கேட்டார். “ஆமாங்க” என்றாள் குட்டி. செவிலி மட்டும் உட்காராமல் நின்றுகொண்டிருந்தாள். “அப்ப எனக்குப் பிடிச்சது எதைன்னு நான் மறுபடி யோசிக்கணும்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கத்தரிக்கு அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது.

திருத்தும் வேலை சாப்பாட்டு மேஜையில் நடந்தது. குட்டி மூலத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, கத்தரி தமிழ்ப் பதிப்பில் சேர்த்த வரிகளைப் பென்சிலால் அடித்தாள். தான் ரசித்த வரிகளைத் தன் கையாலேயே அடிப்பது பல்லைப் பிடுங்குவதுபோல் இருந்தது. நிறுத்தவில்லை. பெரும்பாலும் அவள் எதிர்பார்த்ததுதான். வரி போனதும் பக்கம் வெறிச்சோடியது.

பதினாறாம் பாகத்தில் ஒரு பக்கத்தில் குட்டி நின்றுவிட்டாள். மீன்குஞ்சு இறங்கப் போகிறான். தமிழில் கயிற்றுக்காரி நான்கு வரி பேசுகிறாள். மூலத்தில் ஒரே சொல், “சரி.” நான்கு வரியும் அடங்கவேண்டும் என்று, ஓவியத்துக்குள் தமிழ் எழுத்தைப் பதிப்பவர் வசனம் நிற்கும் பேச்சுக் குமிழைப் பெரிதாக்கியிருந்தார். குட்டி மூலத்தைக் கத்தரி பக்கம் தள்ளினாள். சின்னக் குமிழுக்குக் கீழே கயிற்றுக்காரியின் இடுப்பு தெரிந்தது. கயிற்றின் மறுமுனையை அவள் தன் இடுப்பில் கட்டியிருந்தாள். அவன் போனால் அவளும் போவாள். முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லை.

“நான் மூடிட்டேன் அண்ணி.”

கத்தரி நெடுநேரம் அந்த ஓவியத்தைப் பார்த்தாள். பிறகு பக்கத்தைத் திருப்பினாள். அடுத்த ஓவியத்தில் இடுப்பில் கயிறு இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. வரைந்தவர் அதை அடியோடு மறந்துவிட்டிருந்தார்.

“பார்த்தியா, வேலை தெரிஞ்ச மனுஷன்தான். இப்படி ஒரு பக்கம் வரைய முடிஞ்சவர், மீதியை ஏன் இப்படி விட்டார்? அதான் எனக்கு ஆத்திரம். வேலை தெரியாதவர்னா நான் அப்பவே சும்மா போயிருப்பேன்.”

“இதைப் பத்தி எழுதுவீங்களா?”

“அடுத்த வாரமே. இந்தப் பக்கத்தை நான் பார்க்கலை, நல்ல பக்கம்னு எழுதுவேன்.”

“மத்ததுக்கு?”

“அதுல ஒரு எழுத்தும் மாறாது.”

குட்டி தலையாட்டினாள். தொலைபேசியை எடுத்து எழுத்துப் பதிப்பவரை அழைத்து, பதினாறாம் பாகத்தில் ஒரு குமிழைச் சின்னதாக்க வேண்டும் என்றாள். எவ்வளவு சின்னதாக என்று அவர் கேட்டார்போல. “‘சரி’ன்னு ஒரு சொல் நிக்கிற அளவுக்கு” என்று சொல்லிவிட்டு, மறுகையால் பதினேழாம் பாகத்தை இழுத்து முன்னால் வைத்தாள்.