பிலவேந்திரனுக்கு ஆறடி

மனைவியை இழந்த பிறகு, நாற்பத்தெட்டாம் வயதில், வின்சென்ட் மலேசியாவிலிருந்து செஞ்சிக்கு ஊழியம் செய்ய வந்தார். கிள்ளானில் லாரி உதிரிபாகக் கடையில் வேலை பார்த்தவர். கொள்ளுத்தாத்தா கப்பலேறிய சீமைக்கே சுவிசேஷத்தைக் கொண்டுபோகப் போகிறேன் என்றபோது சபை மூப்பர்கள் கைதட்டி அனுப்பிவைத்தார்கள். எடுத்தது, கெடு முடியுமுன் ஒவ்வொரு முறையும் நாட்டைவிட்டுப் போய்த் திரும்ப வேண்டிய சுற்றுலா விசா. அதை வைத்துக்கொண்டு சபை நடத்தக் கூடாது என்று அவருக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்றார்கள்.

ஜினதாஸ் என்ற நெல் வியாபாரியின் மாடி வீடு வாடகைக்குக் கிடைத்தது. "மாடியில கறி, மீன் கூடாது. மத்தபடி நீங்க யாரக் கும்பிட்டாலும் எனக்கு ஒண்ணுமில்ல" என்றார் அந்தச் சமணர். ஐந்து மாதம் ஞாயிறுதோறும் வின்சென்ட் பாய் விரித்துத் தனியாகவே பாடினார்.

ஆறாம் மாதம் சவரியம்மாள் படியேறி வந்தாள். அனந்தபுரம் பக்கத்துக் கிராமம், தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கக் குடும்பம். கணவன் பிலவேந்திரன் செஞ்சி நெல் மார்க்கெட் கமிட்டியில் மூட்டை சுமப்பவன், மொடாக் குடியன். வின்சென்ட் அவனுக்குப் பிரசங்கம் செய்யவில்லை. சாயங்காலம் கமிட்டி வாசலில் காத்திருந்து, சாராயக் கடையைத் தாண்டி, பஸ் ஏறி, வீடு வரைக்கும் கூடவே போனார். நாற்பது நாள் அப்படிப் போனார். குடி நின்றது. அதைப் பார்த்து இன்னும் இரண்டு குடும்பம் வந்தது. பனமலை ஏரியில் ஏழு பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். சொந்த ஊர்ப் பங்குக் கோயிலில் அவர்கள் பெயரை எடுத்துவிட்டார்கள் என்று சேதி வந்தபோது, "பரலோகத்துல பெயர் இருக்கே" என்று சிரித்தார்.

மாசி மாதம், அறுவடை நெல் வந்து குவிந்த ஒரு காலையில், முதுகில் மூட்டையோடு பிலவேந்திரன் சரிந்தான். ஆம்புலன்ஸ் வருமுன்பே உயிர் போய்விட்டது.

மதியம் வின்சென்ட் அவன் வீட்டுக்குப் போனபோது ஐஸ் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். சவரியம்மாள் அழவில்லை. அவரைத் தனியே அழைத்துப் போனாள்.

"ஐயா, கோயில் கல்லறையில பேரு இல்லாதவங்களுக்கு எடம் கெடையாதாம். ஊர் சுடுகாட்டுல கேட்டா, 'ஒங்க ஆளுங்கள இங்க பொதைக்காத'ன்றாங்க. இன்னா பண்றது?"

 ஏழு பேரைத் தண்ணீரில் இறக்கியபோது, அவர்களை மண்ணில் எங்கே இறக்குவது என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

"தாலுகாபீசுல மனு குடுத்தா எடம் காட்டுவாங்களாம். நீங்க எங்க பாஸ்டருன்னு கையெழுத்துப் போடணும். வாங்க, ஆட்டோ நிக்குது."

"நான் வந்தா பாஸ்போர்ட்டக் கேப்பாங்கம்மா."

"கேட்டா குடுங்க."

"விசா ஊழியத்துக்கு இல்லம்மா. திருப்பி அனுப்பிடுவாங்க. சபை என்ன ஆகும்?"

சவரியம்மாள் அவர் முகத்தையே பார்த்தாள். "அவரு பொட்டியில கெடக்குறாரு ஐயா" என்றாள்.  பிறகு தானே போய் ஆட்டோவில் ஏறினாள்.

பாஸ்டர் கையெழுத்து இல்லாத மனுவை வாங்க மாட்டோம் என்றார்கள்; தாலுகா அலுவலகம் மூடும்வரை மரத்தடியில் நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பினாள். விடிந்ததும் அவள் அண்ணன் அலெக்சாண்டர் பங்குப் பெரியவர்களிடம் போய்ப் பேசினார். குடும்பத்தோடு வந்து, கோயிலில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டால் இடம் தருவதாகச் சொன்னார்கள். பிணத்தை வீட்டில் வைத்துவிட்டுச் சவரியம்மாள் முழங்காலில் நின்று கேட்டாள்.

அடக்கத்துக்கு வின்சென்டும் போனார். கல்லறைத் தோட்டத்து வாசலில் அலெக்சாண்டர் வழிமறித்தார்.

"தப்பா நெனைக்காதீங்க. நீங்க உள்ள வந்தா பெரிய பிரச்சனையாயிடும். எந்தங்கச்சி பட்டது போதும்."

மதிலுக்கு வெளியே வெயிலில் நின்றார். உள்ளே பாட்டு கேட்டது. ஒரு பிடி மண் போடக்கூட முடியவில்லை. முன்பு பிலவேந்திரனோடு நடந்த அதே சாலையில் தனியாக வந்து பஸ் ஏறினார்.

அந்த ஞாயிறு யாரும் வரவில்லை. அடுத்த ஞாயிறு சவரியம்மாள் மட்டும் வந்தாள். பாயில் உட்காரவில்லை.

"நான் இனிமே வர மாட்டேன் ஐயா. மத்த ரெண்டு வீட்டுக்காரங்களும் கோயிலுக்கே போறாங்க."

"என் மேல கோவமா?"

"எம்புருசன் எட்டு மாசம் குடிக்காம இருந்தாரு. அது ஒங்களாலதான். அத மறக்க மாட்டேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஆனா எனக்கும் ஒரு எடம் வேணுமில்ல?"

அவள் இறங்கிப் போனபின், கிள்ளானில் இருந்த மூப்பருக்குப் போன் போட்டு ஒன்றுவிடாமல் சொன்னார். தாலுகா அலுவலகத்துக்குப் போகாததையும் சொன்னார்.

"நல்லதுதான் செஞ்சீங்க, பிரதர். நீங்க மாட்டியிருந்தா ஊழியமே போயிருக்கும். இது சோதனை. வேற ஆத்துமாக்கள் வருவாங்க, அங்கயே தரிச்சிருங்க" என்றார் மூப்பர்.

நல்லதுதான் செய்தாய் என்று சொல்லாமல், அந்த ஆள் ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று வின்சென்டுக்குத் தோன்றியது. சாயங்காலம் ஜெபிக்க முழங்காலிட்டார். சவரியம்மாள் கோயிலில் எல்லார் முன்னாலும் அப்படித்தானே நின்றிருப்பாள் என்ற நினைப்பு வந்தது. அவர் எழுந்து விளக்கைப் போடாமலே சுவரோரம் உட்கார்ந்தார். கீழே ஜினதாஸ் வீட்டில், சமணர் வழக்கப்படி வெளிச்சம் இருக்கும்போதே சாப்பாட்டை முடித்துப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.