இருக்கையை விட்டு எழும்பினால்

விபத்து நடந்து நாற்பத்தொரு மணித்தியாலமும் இருபது நிமிடமும் ஆகியிருந்தன. சிவாஜினி ஏழாவது ட்ராக்டரின் அடியில் மல்லாந்து கிடந்தாள்.

வீட்டுத் தோட்டங்களில் புல் வெட்டுகிற சின்ன ட்ராக்டர் அது. வயிற்றுக்கடியில் இருந்த புல்வெட்டித் தட்டைக் கழற்றிச் சுவரோடு சாத்தியிருந்தார்கள். அந்த இடத்தில் இரும்புச் சட்டத்தைக் கொடுத்து, இரண்டு பக்கமும் பூட்டுகிற இரும்புப் பின் அடித்து, முன்னால் பனியை வாரி எறிகிற ஸ்னோ புளோவரை மாட்ட வேண்டும். பிறகு பெல்ட். பிறகு பின்சில்லுகளுக்குச் சங்கிலி. சட்டத்தின் ஓட்டை ட்ராக்டரின் ஓட்டையோடு ஒரு நூல் அளவு ஒத்துவரவில்லை. முழங்காலால் சட்டத்தை உந்திப் பிடித்துக்கொண்டு அவள் பின்னைத் தட்டினாள். வழக்கமாக அந்தப் பக்கத்தைத் தூக்கிப் பிடிப்பவர் விக்னராஜா. அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை.

பட்டறை இருக்கிற டண்டினொங்கில் பனி பெய்வதில்லை. மலையிலுள்ள பனிச்சறுக்கு விடுதி ஒன்று பத்து மெசின் கேட்டிருந்தது. ஐந்து திங்கட்கிழமையே லொறியில் ஏறிப் போய்விட்டன. மிச்சம் வெள்ளிக்குள் போக வேண்டும். சனிக்கிழமை அங்கே சீசன் தொடங்குகிறது. முதல் லொறி புறப்பட்டபோது முதலாளி சச்சிதானந்தன் ஒவ்வொரு ட்ராக்டருக்கும் சந்தனம் வைத்து, சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கித்தான் அனுப்பினார்.

மாட்டி முடித்த மெசினைச் சோதிக்கப் பனி வேண்டுமே. மார்க்கெட் மீன்கடையிலிருந்து உடைத்த ஐஸை நாலு தொட்டி வாங்கிவந்து முற்றத்தில் கொட்டி, அதன் மேல் ஓட்டுவார்கள். புளோவர் அதை வாரி வேலிக்கு மேலால் எறியும். பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரர் மீன் மணக்கிறதென்று இரண்டு தரம் முறைப்பாடு செய்திருந்தார்.

அந்தப் பட்டறையில் ஒருவரும் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்துவதில்லை. இருக்கைக்குக் கீழே ஒரு சுவிட்ச் இருக்கிறது. பாரம் எழும்பினால் எஞ்சின் தானாக நின்றுவிடும். அதனால் எல்லாரும் சும்மா எழும்புவார்கள், அது நிற்கும். "எங்கட முதலாளிக்கும் இப்பிடி ஒரு சுவிட்ச் வேணும்," என்று கூட வேலை செய்கிற இந்திரகுமார் சொல்லுவான். "கதிரையை விட்டு எழும்பினா வாய் நிக்க வேணும்."

செவ்வாய் பின்னேரம் மூன்று நாற்பதுக்கு விக்னராஜாவும் அப்படித்தான் எழும்பினார். ஆறாவது மெசின். ஐஸ் கட்டிபட்டுப் புளோவரின் வாய் அடைத்திருந்தது. உள்ளே அலகுகள் அசையாமல் நின்றன. காதில் சத்தமடைப்பான், பக்கத்தில் காற்றடிக்கிற கொம்பிறசரின் இரைச்சல். எஞ்சின் நிற்கவில்லை என்பது அவருக்குத் தெரியவில்லை. இறங்கி, குனிந்து, கையை விட்டுக் கட்டியைத் தட்டினார். கட்டி விட்டது. அலகு சுற்றியது.

அடுத்த நாள் வேலைப் பாதுகாப்புத் திணைக்களத்திலிருந்து ஒரு பெண் வந்து, ஆறாவது மெசினைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டினாள். இருக்கையைத் தூக்கிப் பார்த்தாள். சுவிட்சுக்குப் போகிற இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயர் இணைத்திருந்தது. அந்த வயர் இருக்கும் வரை ஆள் எழும்பினாலும் எஞ்சின் நிற்காது. அதைப் படமெடுத்துக்கொண்டு, வியாழக்கிழமை வந்து எல்லாரையும் விசாரிப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

இன்று வியாழன்.

"பிள்ளை."

சிவாஜினி தலையைத் திருப்பினாள். ட்ராக்டரின் சில்லுக்கு அங்கால் சச்சிதானந்தனின் பளபளத்த சப்பாத்துகள் நின்றன.

"பத்து மணிக்கு அந்த மனிசி வரும். நீ பொய் ஒண்டும் சொல்ல வேண்டாம். தெரியாது எண்டு மட்டும் சொல்லு. தெரியாது எண்டுறது பொய்யில்லை."

அவள் பின்னைத் தட்டினாள்.

"அடுத்த மாசம் நீ இஞ்ச நிரந்தரமா இருக்கிறதுக்கு, உன்ர பி.ஆர். கடுதாசிக்கு நான் சைன் வைக்க வேணும். மூண்டு வருசம் பொறுத்தனி. உன்ர மனிசனும் அங்க வவுனியாவில பாத்துக்கொண்டெல்லே இருக்கிறார்."

சப்பாத்துகள் போய்விட்டன. இரும்புப் பின் உள்ளே இறங்கியது. அவள் வெளியே வந்து கையைத் துடைத்தபோது வாசலில் ரஞ்சினி நின்றாள். விக்னராஜாவின் மனைவி. முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து, அந்த நீலச் சட்டையோடேயே வந்திருந்தாள். கையில் ஒரு கடதாசி.

"சச்சி அண்ணை எங்க?"

சச்சிதானந்தன் அலுவலகத்திலிருந்து இறங்கி வந்தார். "வாங்கோ தங்கச்சி. விக்கி எப்பிடி? நேற்று நான் பழம் கொண்டுபோய்க் குடுத்தனான்."

"பழத்தோட இதையும் குடுத்தனீங்கள்." ரஞ்சினி கடதாசியை வேலை மேசையில் விரித்தாள். "சுவிட்சுக்குக் குறுக்கால வயர் போட்டது நான்தான், முதலாளிக்குத் தெரியாமச் செய்தனான் எண்டு எழுதியிருக்கு. வலக்கை கட்டுக்குள்ள கிடக்கு, இடக்கையால சைன் வையும் எண்டனீங்களாம்."

"அது கம்பெனியைக் காப்பாத்த, தங்கச்சி. கேஸ் எண்டு வந்தா எல்லாற்ற வேலையும் போகும். விக்கியை நான் கைவிடுவனே?"

"அவர் விட்ட பிழை எண்டு எழுதினாப் பிறகு அவரை ஆர் வேலைக்கு எடுக்கிறது? நீங்களே எடுக்க மாட்டியள்." அவள் சுற்றிப் பார்த்தாள். "அண்ணை, எங்கட வீட்டில பல்ப் மாத்திறது நான். பியூஸ் போனா மனிசன் மெழுகுதிரியோட இருப்பார். ஒருக்கா ஷொக் அடிச்சதில இருந்து வயர் எண்டாலே காததூரம். அவரோ போய் சுவிட்சில கை வச்சவர்?"

இந்திரகுமாருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, "அது உண்மை அண்ணை," என்றான். "பற்றறியைக் கழட்டவும் எங்களைத்தான் கூப்பிடுவார்."

"நீ உன்ர வேலையைப் பார்."

"வேலைதான் பாக்கிறன். வாயும் சும்மாதானே கிடக்கு."

ரஞ்சினி ஒரு கதிரையை இழுத்து, ஏழாவது ட்ராக்டருக்கும் வாசலுக்கும் நடுவே போட்டு அதில் உட்கார்ந்தாள். "அந்த மனிசி வரட்டும். நான் போகேல்ல."

"தங்கச்சி, இது வேலைத்தலம். இஞ்ச இப்பிடி இருக்கேலாது."

"அப்ப பொலிசைக் கூப்பிடுங்கோ. அவைக்கும் இந்தக் கடுதாசியை வாசிச்சுக் காட்டுறன்."

சச்சிதானந்தன் மேலே போனார். கதவு பலமாகச் சாத்தப்பட்டது. சிவாஜினி பெல்ட்டை எடுத்துக் கப்பியில் போடப் பார்த்தாள். அது வழுக்கி விழுந்தது. திரும்பவும் எடுத்தாள்.

"பிள்ளை," என்றாள் ரஞ்சினி. குரல் இப்போது தணிந்திருந்தது. "நீ கிட்டத்தான் நிண்டனி, என்ன?"

"ஓம் அக்கா."

"அவர் கையை விட முன்னமே நீ கத்தினனியாம். இந்திரன் சொன்னவன்."

சிவாஜினி பெல்ட்டில் பட்ட கிறீஸைத் துடைத்தாள்.

"எழும்பினா மெசின் நிக்கும். இஞ்ச எல்லாரும் அப்பிடித்தானே செய்யிறியள். பேந்து என்னத்தைக் கண்டு கத்தினனி?"

இந்திரகுமார் கொம்பிறசரை நிறுத்தினான். கூரைத் தகரத்தில் மழை தூறத் தொடங்கியது மட்டும் கேட்டது.

"நான் உன்னைப் பேச வரேல்ல," என்றாள் ரஞ்சினி. "அவருக்கு இரண்டு விரல் போயிட்டுது. அது திரும்பி வராது. இந்தக் கடுதாசியும் அவற்ற தலையில ஏறக் கூடாது. அவ்வளவுதான்."

சிவாஜினி பெல்ட்டைக் கீழே வைத்தாள். ஸ்பானரையும் வைத்தாள். குழாயடிக்குப் போய்க் கை கழுவினாள். கிறீஸ் போகவில்லை. சவர்க்காரத் தூளை எடுத்துத் திரும்பவும் தேய்த்தாள்.

திணைக்களத்துப் பெண் பத்து மணிக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்தாள். மழைச் சட்டையைக் கழற்றிக் கதவில் கொழுவினாள். விசாரணை மேலே அலுவலகத்தில். முதல் ஆளாக இந்திரகுமாரின் பெயரை வாசித்தாள்.

"நான் முதல் போறன்," என்றாள் சிவாஜினி. அவள் இப்படிச் சத்தமாகப் பேசி அந்தப் பட்டறையில் யாரும் கேட்டதில்லை.

அலுவலகத்தில் மேசையும் மூன்று கதிரைகளும் பிள்ளையார் படமும் இருந்தன. சச்சிதானந்தன் எழும்பி நின்று ஆங்கிலத்தில் சொன்னார்: "இவவுக்கு இங்கிலிஸ் காணாது. நான் மொழிபெயர்த்து விடுறன்."

தேவையில்லை, ஃபோனில் மொழிபெயர்க்க ஆள் இருக்கிறார் என்றாள் அந்தப் பெண். ஃபோனை மேசை நடுவே வைத்தாள். கொஞ்ச நேரம் இசை ஓடியது. பிறகு ஒரு குரல் வந்தது.

"வணக்கம்மா. நான் சேஷாத்ரி, சிட்னியிலேர்ந்து பேசறேன். இந்த ரூம்ல யார் எது சொன்னாலும் ஒண்ணு விடாம மொழிபெயர்ப்பேன். புரியுதுங்களா?"

"ஓம், விளங்குது."

சச்சிதானந்தன் கதவுப் பக்கம் போனார். போகிற போக்கில் அவளைப் பாராமல் தமிழில் சொன்னார். "உன்ர கடுதாசியை நினைச்சுக்கொண்டு கதை பிள்ளை."

ஃபோன் உடனே அதை ஆங்கிலத்தில் சொன்னது. சொல்லுக்குச் சொல்.

அந்தப் பெண்ணின் பேனை நின்றது. அவள் நிமிர்ந்து சச்சிதானந்தனைப் பார்த்தாள். எந்தக் கடிதம் என்று கேட்டாள். சச்சிதானந்தனின் காதுகள் சிவந்தன. அது வேறு விசயம், குடும்ப விசயம் என்றார். ஃபோன் அதைத் தமிழாக்கி சிவாஜினிக்கும் சொன்னது. அந்தப் பெண் கதவைக் காட்டி, வெளியே போகும்படி அவரிடம் சொன்னாள்.

"அவர் நிக்கட்டும்," என்றாள் சிவாஜினி.

ஃபோன் சொன்னது. அந்தப் பெண், உனக்கு அது சரியா, பயமில்லையா என்று கேட்டாள்.

"பயம்தான். அவரும் கேக்கட்டும்."

சச்சிதானந்தன் கைப்பிடியில் கையை வைத்தபடி நின்றார். அந்தப் பெண் அவரிடம், வாய் திறக்கக் கூடாது என்று விரலைக் காட்டிவிட்டு, படத்தை மேசையில் வைத்தாள். இருக்கை, சுவிட்ச், வளைந்த துண்டு வயர். இதை யார் போட்டது என்று தெரியுமா?

"ஓம். நான்தான் போட்டனான்."

ஃபோன் அதை ஆங்கிலத்தில் சொன்னது.

"மலையில குளிருக்குள்ள இறங்கி இறங்கி ஏற வேணும், ஒவ்வொருக்காவும் திரும்ப ஸ்டார்ட் பண்ண ஏலாது எண்டு விடுதிக்காரர் கேட்டவையாம். இவர் என்னைக் கூப்பிட்டு, வயர் போடு, ஒருத்தருக்கும் சொல்லாத எண்டவர். போட்டனான். ஓட்டிப் பாத்த பிறகு போட வேண்டியதை அவசரத்தில முன்னமே போட்டிட்டன், விக்கி அண்ணைக்கும் சொல்லேல்ல. அது என்ர பிழை."

ஃபோன் சொல்லி முடிக்கும் வரை அவள் பொறுத்தாள். அந்தப் பெண் எழுதினாள். பக்கம் முடிந்து அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். ஆறாவது மெசினைப் பற்றி இன்னும் சொல்ல இருக்கிறதா என்று கேட்டாள்.

"ஆறாவதைப் பற்றி இல்லை." சிவாஜினி சச்சிதானந்தனைத் திரும்பிப் பார்த்தாள். "திங்கட்கிழமை மலைக்குப் போச்சே, அஞ்சு மெசின். அந்த அஞ்சிலயும் இந்த வயர் இருக்கு."